பூட்டிய கிடங்கும் பெட்ரோல் ஆவியும்

கூட்டுறவுச் சங்கக் கிடங்குகளில் நெருப்பு அபாயம் என்றவுடன் நம் அங்கத்தினர்களின் மனத்தில் முதலில் தோன்றுவன பஞ்சும், நூலும், சாக்கும், வைக்கோலுமேயாகும். இவை கண்ணுக்குத் தெரிவன. எரியத் தொடங்கினால் புகை எழுப்பி எச்சரிப்பன. ஓடிச்சென்று நீர் ஊற்றி அணைப்பதற்கும் ஓரளவு அவகாசம் தருவன. ஆனால் அதே கிடங்கின் ஒரு மூலையில், மருந்து அடிக்கும் விசைத் தெளிப்பானுக்கென வாங்கி வைத்த பெட்ரோல் கேனோ, மின்தடைக் காலத்திற்கென வைத்துள்ள ஜெனரேட்டரோ இருக்குமாயின், அங்கே வேறு வகையானதோர் அபாயம் குடிகொண்டிருக்கிறது. அது கண்ணுக்குத் தெரியாது, புகை எழுப்பாது, அவகாசமும் தராது. அதன் இயல்பினை நெசவாளரும் விவசாயிகளும் தெளிவாக அறிந்திருத்தல் இன்றியமையாதது என்று கருதியே இக்கட்டுரையை எழுதலாயினோம்.

எரிவது எண்ணெயன்று, ஆவியே

பெட்ரோல் எரிகிறது என்று நாம் கூறுவது வழக்கம். உண்மையில் திரவ நிலையிலுள்ள பெட்ரோல் எரிவதில்லை. அதிலிருந்து எழும் ஆவி, காற்றுடன் தக்க அளவில் கலக்கும்போது, அக்கலவையே எரிகிறது. எந்த வெப்ப நிலையில் ஓர் எண்ணெயிலிருந்து தீப்பற்றக்கூடிய அளவுக்கு ஆவி எழத் தொடங்குகிறதோ, அதனைத் தீப்பற்று நிலை என்பர். பெட்ரோலுக்கு இந்நிலை சுழிக்குக் கீழே ஏறத்தாழ 40 டிகிரி சென்டிகிரேடு. உதகமண்டலத்தில் உறைபனி பெய்யும் மார்கழி இரவிலுங்கூட, மூடி திறந்த பெட்ரோல் பாத்திரத்தின் மேல் தீப்பற்றக்கூடிய ஆவி நிற்கிறது என்பது இதனால் விளங்கும்.

மண்ணெண்ணெய் இவ்வளவு கொடியதன்று. இந்தியத் தர அளவைகளின்படி அதன் தீப்பற்று நிலை 35 டிகிரிக்குக் குறைதல் கூடாது. இதனைக் கேட்டு, மண்ணெண்ணெயைப் பற்றிக் கவலை வேண்டுவதில்லை என்று எண்ணிவிடலாகாது. சித்திரை, வைகாசி மாதங்களில் நம் மாவட்டங்களில் நிழலிலேயே வெப்பம் 40 டிகிரியை எட்டுவதுண்டு. தகரக் கூரையிட்ட கொட்டகைக்குள் அது இன்னும் மிகும். அந்நாட்களில் அக்கொட்டகையில் வைத்த மண்ணெண்ணெய், பெட்ரோலைப் போலவே நடந்துகொள்ளும் நிலைக்கு வந்துவிடுகிறது. மேலும், பெட்ரோல் இருந்த கேனைச் சரியாக வடிக்காமல் அதிலேயே மண்ணெண்ணெயை ஊற்றி வைப்போர் பலர். மண்ணெண்ணெயுடன் சிறிதளவு பெட்ரோல் கலந்தாலும் அதன் தீப்பற்று நிலை வெகுவாகத் தாழ்ந்துவிடும். அடுப்பும் விளக்கும் வெடித்தன என்று கேள்விப்படுகின்ற விபத்துகளுக்கு இக்கலப்பும் ஒரு காரணமாகும்.

இருப்புப் புத்தகத்தில் காணும் சேதாரம்

நாம் ஆய்வுக்குச் சென்ற ஒரு சங்கத்தின் இருப்புப் புத்தகத்தில், பெட்ரோல் கணக்கில் மாதந்தோறும் ஓரிரு லிட்டர் ‘ஆவிச் சேதாரம்’ என்று எழுதப்பட்டிருந்தது. காரியதரிசி நேர்மையானவர்; கணக்கும் சரியானதே. ஆயினும் அந்தச் சேதாரம் எங்கே சென்றது என்பதை அங்கு எவரும் எண்ணிப் பார்க்கவில்லை. முன்னர் வெளித் தாழ்வாரத்தில் வைத்திருந்தபோது பெட்ரோல் களவு போயிற்று என்பதற்காக, கேன்களை நூல் கிடங்குக்குள் கொண்டுவந்து, ஜன்னல்களுக்குப் பலகை அடித்து, இரட்டைப் பூட்டும் இட்டிருந்தனர். ஆகவே கணக்கில் குறைந்த பெட்ரோல் வெளியே செல்லவில்லை. அந்த அறைக்குள்ளேயே ஆவியாகி நின்றது.

ஒரு லிட்டர் பெட்ரோல் முற்றும் ஆவியானால் ஏறத்தாழ 150 முதல் 200 லிட்டர் வரை ஆவி உண்டாகும். காற்றில் நூற்றுக்கு 1.4 பங்கு பெட்ரோல் ஆவி கலந்தாலே அது தீப்பற்றும் கலவையாகிவிடும். இவ்விரண்டையும் பெருக்கி வகுத்துப் பார்த்தால், எட்டடி நீளமும், எட்டடி அகலமும், ஏழடி உயரமும் கொண்ட ஓர் அறை முழுவதையும் வெடிக்கக்கூடிய நிலைக்குக் கொண்டுவர ஒரு லிட்டர் பெட்ரோலே ஏறத்தாழப் போதும் என்று காண்கிறோம். ஆவி அறை முழுவதும் பரவாமல் ஒரு மூலையில் மட்டும் தேங்குமாயின், அதற்கும் மிகக் குறைந்த அளவே போதும்.

இத்தகைய கலவை மூடிய இடத்தில் தீப்பற்றினால், உள்ளேயிருக்கும் அழுத்தம் ஒரு கணத்தில் ஏறத்தாழ எட்டு மடங்குவரை உயரக்கூடும். சாதாரணச் செங்கற் சுவர் அதில் பத்தில் ஒரு பங்கையும் தாங்காது. திறந்த வெளியில் ‘குப்’பென்று எரிந்து அடங்கக்கூடிய ஆவி, பூட்டிய அறைக்குள் கூரையைத் தூக்கிச் சுவரைச் சரிப்பதன் காரணம் இதுவே. களவுக்கு அஞ்சி இட்ட பூட்டும் பலகையுமே நெருப்பினை வெடியாக மாற்றும் கருவிகளாகிவிடுகின்றன.

குழித்தறியும் தாழ்ந்த இடங்களும்

பெட்ரோல் ஆவி காற்றைப்போல் மூன்று முதல் நான்கு மடங்கு கனமுடையது. ஆகையால் அது மேலே எழுந்து கலைந்துபோவதில்லை; நீரைப் போலத் தரையோடு தவழ்ந்து, வாயிற்படியின் கீழும் சாக்கடை வழியாகவும் சென்று, பள்ளமான இடங்களில் தங்குகிறது. தொலைவிலுள்ள ஒரு விளக்கையோ அடுப்பையோ அது எட்டுமானால், தீ அங்கிருந்து ஆவியின் வழியே திரும்ப ஓடிவந்து கேனையே பற்றிக்கொள்ளும். சமையல் எரிவாயுவும் காற்றைவிடக் கனமானதே. நூற்றுக்கு 2 பங்கு அளவு காற்றில் கலந்தாலே அதுவும் தீப்பற்றும். சாண எரிவாயு மட்டும் இதற்கு மாறாகக் காற்றைவிட இலேசானது. அது கூரையின் கீழ் தங்கும்.

நெசவாளர் வீடுகளில் இவ்வுண்மை தனிக் கவனத்திற்குரியது. நெசவாளர் காலை வைத்து மிதிபலகையை இயக்கும் குழியே வீட்டின் மிகத் தாழ்ந்த இடம். இரவில் மோட்டார் சைக்கிளைக் களவுக்கு அஞ்சி அதே கூடத்தில் ஏற்றி நிறுத்துவது இன்று எங்கும் காணும் வழக்கமாகிவிட்டது. அதன் குழாயில் சிறு கசிவு இருந்தாலும், இரவு முழுவதும் கசிந்த ஆவி தறிக்குழியில் சென்று படியும். விடியற்காலையில் விளக்கேற்றுவதற்கு உரசும் தீக்குச்சி என்ன செய்யும் என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. துணியில் படிந்த எண்ணெய்க் கறையைப் போக்குவதற்குப் பெட்ரோல் நனைத்த துணியால் துடைக்கும் வேலையையும் தறிக்கூடத்தில் செய்யலாகாது; முற்றத்திலோ திண்ணையிலோதான் செய்தல் வேண்டும். அச்சுச் சாயத் தொழிலில் மண்ணெண்ணெய் கலந்த பசையைப் பயன்படுத்தும் சங்கங்கள், அச்சிட்ட துணியை அடைத்த அறையில் சூடேற்றி உலர்த்தும்போது, ஆவி வெளியேறுவதற்குரிய வழியை முன்னதாகவே அமைத்துக்கொள்ள வேண்டும்.

பொறிக்கு வேண்டிய வலிமை

“எங்கள் கிடங்கில் எவரும் பீடி பிடிப்பதில்லை” என்று சிலர் கூறுவர். அது போற்றத்தக்கதே, ஆயினும் போதாது. பெட்ரோல் ஆவியைப் பற்றவைப்பதற்கு வேண்டிய மின்பொறியின் ஆற்றல் ஒரு ஜூலில் நாலாயிரத்தில் ஒரு பங்கு மட்டுமே. விளக்கின் சுவிட்சைப் போடும்போதும் அணைக்கும்போதும், குளிர்பதனப் பெட்டி தானே ஓடத் தொடங்கும்போதும், மின்விசிறியின் மோட்டாரிலும் எழும் பொறி இதனினும் வலியது.

உராய்வினால் உண்டாகும் மின்சாரம் மற்றோர் அபாயம். பாலியெஸ்டர் நூல் ஓட்டும் நெசவாளருக்கு இதனைச் சொல்ல வேண்டுவதில்லை. காற்று வறண்ட நாட்களில் இழைகள் ஒன்றையொன்று விலக்கி நிற்பதையும், கையில் சுருக்கென்று தைப்பதையும் அவர்கள் நாள்தோறும் கண்டவர்கள். அதே மின்சாரம், பிளாஸ்டிக் கேனிலிருந்து பெட்ரோலை வேகமாக ஊற்றும்போதும் சேருகிறது. ஆகவே பெட்ரோலை உலோகக் கேனில் வைப்பதும், ஊற்றும்போது கேனைத் தரையில் வைத்து மெதுவாக நிரப்புவதும், வண்டியின் மீதோ மடியிலோ வைத்து நிரப்பாதிருப்பதும் நலம்.

காலிப் பீப்பாயின் வஞ்சகம்

நிறைந்த பீப்பாயைக் கண்டு அஞ்சுவோரும், காலிப் பீப்பாயைக் கண்டு அஞ்சுவதில்லை. உண்மை இதற்கு நேர் மாறானது. காற்றில் பெட்ரோல் ஆவி நூற்றுக்கு 1.4 பங்குக்குக் குறைந்தாலும் தீப்பற்றாது, 7.6 பங்குக்கு மேற்பட்டாலும் தீப்பற்றாது. நிறைந்த பீப்பாயின் உட்புறத்தில் ஆவி மிகுந்து காற்றுக்கு இடமின்றி இருப்பதால், உள்ளே வெடி நிகழ்தல் அரிது. காலியான பீப்பாயிலோ காற்று நிறையப் புகுந்துவிடுகிறது; அடியில் ஒட்டிய சொட்டுகள் ஆவியாகி அதனுடன் கலக்கின்றன. 200 லிட்டர் பீப்பாய் ஒன்றை வெடிகலமாக்குவதற்குச் சுமார் 16 மில்லிலிட்டர் பெட்ரோல், அதாவது ஒரு பெரிய கரண்டியளவு, ஆவியானால் போதும்.

தண்ணீர்த் தொட்டிக்காகவும், சாயம் காய்ச்சுவதற்காகவும் பழைய பீப்பாய்களை வாங்கி, வாயை வெட்டுவதற்கு வெல்டிங் பட்டறைக்கு அனுப்புவது நம் சங்கங்களில் வழக்கம். உள்ளிருப்பது இன்னதென்று சொல்லாமல் அனுப்புவது, பட்டறைத் தொழிலாளியின் உயிரைப் பணயம் வைப்பதற்கு ஒப்பாகும். கவிழ்த்து வடித்தலும், ஒருமுறை அலசுதலும் போதா. பெட்ரோலோ, தின்னரோ, வேறு எரிபொருளோ இருந்த பீப்பாயை வெட்டும் எண்ணத்தையே விட்டுவிடுவது உத்தமம். புதியதொரு பிளாஸ்டிக் தொட்டியின் விலை, ஒரு குடும்பத் தலைவரின் உயிருக்கு ஈடாகாது.

காலித் தொட்டியின் அபாயத்திற்கு உலகறிந்த சான்றொன்று உண்டு. 1996ஆம் ஆண்டு ஜூலை 17ஆம் தேதி, நியூயார்க் நகரிலிருந்து பாரிஸ் நகருக்குப் புறப்பட்ட பெரிய விமானம் ஒன்று, கிளம்பிய சில நிமிடங்களில் வெடித்துக் கடலில் வீழ்ந்தது; அதிலிருந்த 230 பேரும் மாண்டனர். நான்காண்டுக் காலம் நடந்த விசாரணையின் முடிவில், விமானத்தின் நடு எரிபொருள் தொட்டியிலிருந்த ஆவியும் காற்றும் தீப்பற்றியதே காரணம் என்று அறியப்பட்டது. அத்தொட்டி ஏறத்தாழ 49,000 லிட்டர் கொள்வது; அன்று அதில் இருந்தது சுமார் 190 லிட்டர் மட்டுமே. அந்த எரிபொருளும் பெட்ரோலன்று. நம் வீட்டு மண்ணெண்ணெயின் இனத்தைச் சேர்ந்தது. தொட்டியின் கீழே ஓடிய குளிர்சாதன இயந்திரங்களின் சூட்டினால் அது ஆவியாயிற்று. மண்ணெண்ணெயும், சூடும், ஏறத்தாழக் காலியான மூடிய கலமும் ஒன்றுசேர்ந்தால் விளைவது யாது என்பதற்கு இதனினும் தெளிவான பாடம் வேண்டுவதில்லை.

கிணற்றில் இறக்கும் விளக்கு

பாழுங் கிணற்றில் தூர் வாருமுன், எரியும் விளக்கை இறக்கிப் பார்ப்பது நம் முன்னோர் வழக்கம். விளக்கு அணைந்தால் உள்ளே நச்சுக்காற்று உண்டு என்று அறிந்து இறங்காதிருப்பர். கரியமில வாயு தேங்கிய கிணற்றுக்கு அது பயன்பட்ட முறையே. ஆனால் இன்று பெட்ரோல் எஞ்சின் பொருத்திய சிறு பம்புகளைக் கிணற்றின் உட்படியில் இறக்கி வைத்து நீர் இறைக்கின்றனர். எண்ணெய் நிரப்பும்போது சிந்தியதும், குழாயில் கசிந்ததும் ஆவியாகிக் கிணற்றுக்குள்ளேயே நிற்கும். அத்தகைய கிணற்றில் இறக்கும் விளக்கு, சோதிப்பதற்குப் பதிலாகப் பற்றவைத்துவிடும். அன்றியும், எஞ்சினின் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு விளக்கை அணைக்காமலே மனிதரைக் கொல்ல வல்லது. ஆகவே எரிபொருள் எஞ்சினைக் கிணற்றுக்குள் இறக்குதல் எக்காரணத்தை முன்னிட்டும் கூடாது. உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால், மற்றொருவர் பதறிக் குதித்தலும் கூடாது. தீயணைப்பு நிலையத்தாரை அழைப்பதே உயிரைக் காக்கும் வழி.

நாற்றத்தை அலட்சியம் செய்த நகரம்

மெக்ஸிகோ நாட்டில் குவாதலஹாரா என்றொரு பெருநகர் உண்டு. அங்கே நிலத்தடியில் சென்ற பெட்ரோல் குழாய் ஒன்றும், துத்தநாகப் பூச்சிட்ட தண்ணீர்க் குழாய் ஒன்றும் மிக நெருங்கிப் பதிக்கப்பட்டிருந்தன. ஈர மண்ணில் இரு வேறு உலோகங்கள் நெருங்கியிருந்ததால் பெட்ரோல் குழாய் அரிக்கப்பட்டுத் துளைபட்டது. கசிந்த பெட்ரோல் சாக்கடைக்குள் புகுந்தது. வீட்டுக் குழாய்களிலும் சாக்கடை மூடிகளிலும் பெட்ரோல் நாற்றம் வீசுவதாக மக்கள் சில நாட்கள் முறையிட்டனர். அதிகாரிகள் வந்து பார்த்தனர். ஆயினும் மக்களை அவ்விடத்தினின்றும் வெளியேற்றவில்லை. 1992ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் தேதி காலை, சாக்கடை வழியே அடுத்தடுத்து வெடிகள் நிகழ்ந்து, கிலோமீட்டர் கணக்கில் வீதிகள் பிளந்தன. அரசாங்கக் கணக்கின்படியே 200 பேருக்கு மேல் உயிரிழந்தனர்.

இதிலிருந்து நாம் கற்க வேண்டுவது ஒன்றே. நாற்றம் என்பது ஆவி நமக்கு அனுப்பும் ஒரே அறிவிப்பு. சமையல் எரிவாயுவுக்கு இயற்கையில் மணமில்லை. கசிவை அறிவதற்காகவே அதில் துர்நாற்றமுள்ள பொருளைச் சேர்க்கின்றனர். ஆனால் அதே அறையில் நாள் முழுவதும் இருப்போரின் மூக்குக்கு அந்நாற்றம் பழகிப்போய்விடும். ஆகையால் கிடங்குக் காவலர் “ஒன்றும் தெரியவில்லையே” என்று கூறினாலும், வெளியிலிருந்து வந்த அங்கத்தினர் “நாற்றம் வருகிறது” என்றால் வந்தவர் சொல்லையே ஏற்க வேண்டும்.

சட்டம் கூறுவது

1934ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டம், தீப்பற்று நிலை 23 டிகிரிக்குக் குறைந்த எண்ணெய்களை முதல் வகுப்பில் சேர்த்துள்ளது, பெட்ரோல் இவ்வகுப்பினது. விற்பனைக்கல்லாமல் சொந்த உபயோகத்திற்கென 30 லிட்டர் வரை உரிமமின்றி வைத்துக்கொள்ளலாம். அதையும் நன்கு மூடிய, 25 லிட்டருக்கு மேற்படாத உலோகக் கலங்களில் வைக்க வேண்டும். கண்ணாடி அல்லது பீங்கான் கலமாயின் ஒரு லிட்டருக்கு மேற்படலாகாது. இங்கே ‘விற்பனைக்கல்லாமல்’ என்ற சொல்லைச் சங்கங்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். தெளிப்பானுக்காக அங்கத்தினருக்குச் சில்லறையாகப் பெட்ரோல் அளந்து கொடுத்துப் பணம் பெற்றால், அது விற்பனையேயாகும். இச்சலுகை அதற்குப் பொருந்தாது. மண்ணெண்ணெய், டீசல் ஆகியவற்றை உரிமமின்றி வைப்பதற்கான வரம்பு மொத்தம் 2,500 லிட்டர். எந்தக் கலமும் 1,000 லிட்டருக்கு மேற்படலாகாது.

சங்கங்கள் செய்ய வேண்டுவன

மேற்கூறியவற்றை மனத்திற்கொண்டு, ஒவ்வொரு சங்கத்தின் நிர்வாகக் குழுவும் அடுத்த கூட்டத்திலேயே கீழ்க்காணும் ஏற்பாடுகளைத் தீர்மானமாக நிறைவேற்றுவது நலம்.

1. நூல், ஜவுளி, உரம், விதை ஆகியவை உள்ள கிடங்கில் பெட்ரோலை ஒரு லிட்டரும் வைக்கலாகாது. கிடங்கினின்றும் விலகித் தனியாக ஒரு சிறு கொட்டகை அமைத்து, தரைமட்டத்திலும் கூரையின் அருகிலும் காற்று வழி வைத்து, அவ்வழிகளுக்கு நெருக்கமான கம்பி வலை இட வேண்டும். 1815ஆம் ஆண்டில் ஹம்ப்ரி டேவி என்ற ஆங்கில விஞ்ஞானி சுரங்க விளக்குக்குக் கண்ட உபாயமே இவ்வலை. நுண்ணிய கம்பி வலை சுடரின் சூட்டை உறிஞ்சிக்கொள்வதால், தீ அதனைக் கடந்து செல்வதில்லை. வலையிட்ட கொட்டகைக்குப் பூட்டும் இடலாம். களவும் தடுக்கப்படும், ஆவியும் தேங்காது.

2. வேண்டிய அளவு மட்டுமே வாங்க வேண்டும். பருவம் முழுவதற்கும் சேர்த்து வாங்குவதால் மிச்சமாகும் வண்டிக் கூலி அற்பமானது. இருப்புப் புத்தகத்தில் ஆவிச் சேதாரம் மிகுந்தால், மூடியையும் கலத்தையும் உடனே சோதிக்க வேண்டும்.

3. ஜெனரேட்டரை அறைக்குள் ஓட்டலாகாது. ஓடும்போதும், நிறுத்திச் சூடு ஆறுமுன்னும் எண்ணெய் நிரப்பலாகாது.

4. நாற்றம் தெரிந்தால் சுவிட்சைப் போடவோ அணைக்கவோ வேண்டாம். உள்ளிருப்போரை வெளியேற்றி, கதவு ஜன்னல்களைத் திறந்து, கூடுமானால் மின்சாரத்தை வெளியிலுள்ள தொலைவான இடத்தில் துண்டிக்க வேண்டும். சமையல் எரிவாயுக் கசிவாயின் 1906 என்ற எண்ணுக்கும், நெருப்பாயின் 101 அல்லது 112 என்ற எண்ணுக்கும் அறிவிக்க வேண்டும்.

5. எரியும் பெட்ரோல் மீது நீரை ஊற்றலாகாது. பெட்ரோல் நீரின் மேல் மிதந்து தீயைப் பரப்பும். உலர்ந்த மணல் வாளிகளும், உலர் பொடித் தீயணைப்பானும் வாயிலின் வெளிப்புறத்தில் இருக்க வேண்டும்; உள்ளே வைத்தால் வேண்டும்போது கைக்கு எட்டாது.

6. காலிக் கலங்களைப் பட்டறைக்கு விற்பதையும் அனுப்புவதையும் நிறுத்த வேண்டும்.

இவற்றிற்கெல்லாம் பெருஞ்செலவு ஆவதில்லை. முன்னர்க் குறிப்பிட்ட சங்கத்திலும் நிர்வாகக் குழுவினர் கூடி, கேன்களைக் கிடங்கினின்றும் அப்புறப்படுத்தி, வலையிட்ட சிறு கொட்டகை ஒன்றைத் தம் வளாகத்தின் கோடியில் கட்டிக்கொண்டனர். பெட்ரோல் இருப்பும் மூன்று கேனிலிருந்து ஒன்றாகக் குறைந்தது.

சங்கத்தின் நூலும் நெல்லும் காப்புறுதி செய்யப்பட்டவையாக இருக்கலாம். எரிந்துபோனால் ஈட்டுத் தொகையும் வரலாம். கிடங்கைத் திறக்கச் செல்லும் எழுத்தருக்கும், வாயிலில் படுத்துறங்கும் காவலருக்கும், தறிக்குழியில் கால் வைத்து அமரும் நெசவாளருக்கும் அத்தகைய ஈடு எதுவும் இல்லை. கூட்டுறவு என்பது ஒருவர் பொருட்டு மற்றவர் பொறுப்பேற்பதாகும். இம்மாதச் சம்பளப் பட்டியலில் கையெழுத்திடுமுன், ஒவ்வொரு காரியதரிசியும் தம் கிடங்கின் மூலைகளை ஒருமுறை நடந்து பார்த்துவருவாராக.